மணல்மேட்டில் மண் திறக்க வேண்டி

அனுப்புநர்:
எக்சிலியா திரெபானியே,
தலைவி, உழவர் சங்க மகளிர் பிரிவு,
ஓடைச் சாலை, வால்-தெல்ஃபின் ஊராட்சி,
வட ஒன்டாரியோ.

பெறுநர்:
மாண்புமிகு எல்லைத் தீர்வு ஆணையர் அவர்கள்,
டொரண்டோ.

பொருள்: மணல்மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கிரேமூர் ஊராட்சி விதித்துள்ள அடக்கத் தடையை நீக்கவும், இரண்டு ஊராட்சிகளின் எல்லையை ஓடைக்கு மாற்றி வரையவும் வேண்டுதல்.

மாண்புமிகு ஆணையர் அவர்களே, இம்முறையீடு படிக்கப்படும் அவையில் அமர்ந்திருக்கும் பெரியோரே,

எங்கள் ஊரில் இறந்தவர்களை எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கக் கூடாது என்று பக்கத்து ஊர் ஆணையிட்டிருக்கிறது. இதுவே என் முறையீடு. இனி எழுதுவன அனைத்தும் இந்த ஒன்றுக்கான விளக்கமே.

கடந்த பிப்ரவரித் திங்களில் கிரேமூர் ஊராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எங்கள் கோயிலும் கல்லறைத் தோட்டமும் நிற்கும் மணல்மேடு வரைபடத்தின்படி கிரேமூருக்கு உரியது. அம்மேட்டின் சரளையைப் புதிய நெடுஞ்சாலைக்காகத் தோண்டி எடுக்கக் குத்தகை விடப்படும். இனி அங்கே புதிதாக எவரையும் அடக்கம் செய்தல் ஆகாது. பழைய கல்லறைகளைத் திறந்து, உள்ளிருப்போரை மன்றத்தின் செலவிலேயே வேறிடம் மாற்றித் தரலாம். தீர்மானத்தின் நடை மிகவும் கண்ணியமானது. ஒரு வீட்டின் பழைய தட்டுமுட்டுப் பொருள்களை அகற்றும்போதுகூட இவ்வளவு கண்ணியமாக எவரும் பேசுவதில்லை.

தலைநகரில் வாழும் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நவம்பரில் உறையும் எங்கள் மண் ஏப்ரல் இறுதியில்தான் இளகும். இடையில் இறப்போரைக் கோயிலுக்குப் பின்னே கல்லால் கட்டிய சன்னலில்லாத அறையொன்றில், பெட்டியில் இட்டுக் காத்து வைக்கிறோம். காப்பறை என்பது அதன் பெயர். மண் இளகிய முதல் வாரத்தில் ஊர் கூடி, மறுபடியும் ஒருமுறை அழுது, புதைக்கிறோம். இவ்வாண்டு காப்பறையில் இருவர் காத்திருக்கின்றனர். ஒருவர் செலியா கிரென்யே, எங்கள் ஊரின் மூத்த மருத்துவச்சி. மற்றவர் ஓவிலா திரெபானியே, என் கணவர்.

இம்முறையீட்டைப் பிரெஞ்சு மொழியில் எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்தில் இம்மொழி படிப்பார் எவரும் இலர் எனில் ஆள் அனுப்புங்கள்; நானே வந்து உரக்கப் படித்துக் காட்டுகிறேன். உழவர் மாநாட்டில் ஒலிபெருக்கி பழுதான நாளில் என் பேச்சு வாயிலில் கட்டியிருந்த குதிரைகளுக்கும் எட்டியது என்பார்கள். தங்கள் அவை அதைவிடப் பெரிதாக இராது.

மணல்மேட்டுக்கு நாங்கள் எப்படி வந்தோம் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் முன்னோர் 1912ஆம் ஆண்டு கியூபெக்கின் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து புகைவண்டியில் வந்து இறங்கினர். அங்கே நிலம் பங்கிட்டுப் பங்கிட்டுக் கைக்குட்டை அளவாகிவிட்டிருந்தது. குடியேற்றத்துக்கென்றே ஊர் ஊராகச் சென்ற பங்குத்தந்தை ஒருவர், வடக்கே ஒரு கல்கூட இல்லாத நிலம் கிடக்கிறது என்று கோயில் மேடைகளில் முழங்கினார். அவர் சொன்னது மெய். கல் இல்லை. காடும் களிமண்ணும் இருந்தன. “கல்லு இல்லன்னு சொன்னாரு, சரி. கடிக்கிற ஈ இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னாரா மனுசன்?” என்று என் தந்தை சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். காட்டை வெட்டி, வீடு கட்டி, உழுது காட்டினால்தான் பட்டா என்று அரசு சொன்னது. அவர்கள் உழுது காட்டினார்கள். வால்-தெல்ஃபின் என்ற பெயர் அரசிதழில் ஏறுவதற்கு முன்பே அந்த மண்ணில் உருளைக்கிழங்கு விளைந்துவிட்டது.

புகைவண்டி நின்ற இடம் ஏரியின் அக்கரை. அங்கேதான் முதல் பனிக்காலத்தில் மரத்தால் ஒரு சிறு கோயில் எழுப்பினர். நான்காம் ஆண்டுக் கோடையில் காட்டுத்தீ வந்தது. ஓட முடிந்தவர்கள் ஏரிக்குள் இறங்கி, நனைத்த கம்பளிகளைத் தலையில் போட்டுக்கொண்டு, மாடுகளோடு மாடுகளாக நின்றனர். காட்டோரம் குடியிருந்த மூன்று வீட்டாருக்கு ஓட வழி இல்லாமல் போயிற்று. தீ கடந்தபின், அவர்களைப் புதைக்க இடம் தேடினர். காட்டு மண்ணின் அடியில் வேர்கள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன. வெட்டிய இடமெல்லாம் புகைந்தது. களிமண் வெந்து ஓடாகிக் கிடந்தது. ஏரிக்கும் ஓடைக்கும் நடுவிலிருந்த மணல்மேடு ஒன்றே கை வைத்தால் குளிர்ந்தது. அங்கே புதைத்தனர்.

ஆகவே, ஆணையர் அவர்களே, கோயில் இருக்கிறதே என்று எங்கள் இறந்தோர் அம்மேட்டுக்கு வரவில்லை. அவர்களைத் தேடிக் கோயில்தான் வந்தது. அடுத்த பனிக்காலத்தில் ஏரி கெட்டிப்பட்டபின், தீக்குத் தப்பிய அம்மரக்கோயிலை உருட்டுமரங்களின்மேல் ஏற்றி, ஊரில் எஞ்சிய குதிரைகள் அனைத்தையும் பூட்டி, பனிக்கட்டியின்மேல் இழுத்து வந்தனர். நடு ஏரியில் அடியிலிருந்த பனிக்கட்டி முனகியபோது பங்குத்தந்தை, பாரம் குறையட்டும், எல்லாரும் தள்ளி நில்லுங்கள் என்றாராம். மணியைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் மட்டும் அசையவில்லை. “நான் எறங்கினா மணியும் எறங்கணும் சாமி. என்னவிட அதுதான் கனம். மொதல்ல அதக் கேளுங்க” என்றாராம். கோயில் கரை சேர்ந்தது. அன்று முதல் அது மணல்மேட்டில் நிற்கிறது.

பிழை இங்கேதான் நேர்ந்தது. அதை மறைக்க நான் வரவில்லை.

நில அளவையர் அடித்த மர முளைகளும் அவர் கொத்திவைத்த அடையாள மரங்களும் தீயில் போயின. நம் ஊர் எதுவரை என்ற கேள்வி எழுந்தபோது எம்மவருள் ஒருவர்கூடத் தயங்கவில்லை. ஓடைவரை என்றனர். அவர்கள் ஆற்றங்கரையில் பிறந்தவர்கள். அவர்கள் விட்டு வந்த ஊர்களில் ஒவ்வொரு வயலும் நீரில் தொடங்கிப் பின்னோக்கி நீளும். யார் நிலம் யாருடையது என்பதை ஆறு சொல்லும். நீரில்லாத எல்லையை அவர்கள் வாழ்நாளில் கண்டதே இல்லை. தலைநகரில் யாரோ ஒருவர் தாளின்மேல் அளவுகோல் வைத்து, ஓடையையும் பாராமல் மேட்டையும் பாராமல் ஒரு நேர்கோடு இழுத்திருப்பார் என்பது அவர்கள் கனவிலும் தோன்றவில்லை. அக்கோடு மணல்மேட்டுக்கு இப்பால், எங்கள் வயல்களின் ஓரமாகச் செல்கிறது. ஆகவே வரைபடத்தின்படி மேடு கிரேமூரின் நிலம்தான். வரைபடம் சரி, எம் முன்னோர் தவறினர். இதை மெய்ப்பிக்கக் கிரேமூர் வழக்கறிஞர் அமர்த்த வேண்டியதில்லை. நானே எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன்.

ஆனால் அதே பிழையைக் கிரேமூரும் செய்தது. நாங்கள் ஒருமுறை செய்தோம். அவர்கள் ஒவ்வொரு பனிக்காலமும் செய்தனர்.

கிரேமூர் ஊராட்சியின் பனிவாரி வண்டி தம் ஊர்ச் சாலைகளின் பனியை ஒதுக்கிக்கொண்டு ஓடைப் பாலம் வரை வரும். பாலத்தின் அக்கரையிலேயே திரும்பிப் போய்விடும். திரும்புவதற்கென்றே அங்கே வட்டமாக ஓரிடத்தைச் சமன் செய்து வைத்துள்ளனர். தாங்கள் வந்தால் காணலாம். பாலத்துக்கு இப்பால் கோயில் வரையுள்ள சாலையை நாங்கள் போட்டோம், நாங்கள் காத்தோம். அதன் பனியை எங்கள் ஊர் ஆண்கள் முறை வைத்துக் கையால் அள்ளுகின்றனர். ஓராண்டு கோயிலின் குதிரைக் கொட்டகை தீப்பற்றியபோது கிரேமூரின் தீயணைப்பு வண்டி பாலத்தின் முனையில் வந்து நின்றது. “இதுக்கு மேல எங்க எல்ல இல்லீங்க. வேணும்னா வாளி தர்றோம்” என்றனர். வாளி தந்தனர். அதற்கு அன்றே நன்றி சொல்லிவிட்டோம். மேட்டில் கடமை இருந்தபோதெல்லாம் கிரேமூரின் எல்லை ஓடை. மேட்டில் சரளை உண்டெனத் தெரிந்த ஆண்டில்தான் எல்லை ஓடையைத் தாண்டி நடந்து வந்திருக்கிறது.

சனவரியில் செலியா கிரென்யே இறந்தார். இந்த ஊரில் பாதிப் பேரை உலகுக்குக் கொண்டு வந்த கைகள் அவருடையவை. அடக்க வழிபாட்டுக்கு முந்தைய நாள் கோயில் சாலையைத் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். அன்று முறை என் கணவருடையது. மூன்று நாள் விடாமல் பெய்திருந்த பனி. பாலத்தருகே அவர் அள்ளிக்கொண்டிருந்தபோது கிரேமூரின் பனிவாரி வண்டி வந்து வழக்கம்போல் வட்டமடித்துத் திரும்பியது. ஓட்டுநர் ஆர்ச்சி டன்பார் தலையை நீட்டி, “என்ன ஓவிலா, உங்க பக்கத்துப் பனி எங்க பக்கத்தவிட கனமா இருக்கும்போல” என்றிருக்கிறார். “ஆமாம்ப்பா, இது கத்தோலிக்கப் பனி. முழங்கால் போட்டாத்தான் நகருது” என்று இவர் சொல்லியிருக்கிறார். இருவரும் சிரித்திருக்கின்றனர். வண்டி போய்விட்டது. நண்பகலுக்குமேல் சிலர் சென்று பார்த்தபோது ஓவிலா மேட்டின் வளைவில், பனி அள்ளும் வாரியைப் பிடித்தபடி, பனியில் உட்கார்ந்திருந்தார். இதயம் நின்றுவிட்டதென மருத்துவர் எழுதினார்.

எந்தச் சாலையைத் தன் சாலை என்று கிரேமூர் இன்று உரிமை கொண்டாடுகிறதோ, அந்தச் சாலையின் பனியை அள்ளி என் கணவர் இறந்தார். இதற்குமேல் அவரைப் பற்றி இம்முறையீட்டில் எழுதுவதற்கில்லை. நான் கட்டிக் கொடுத்த ரொட்டி பிரிக்கப்படாமல் சட்டைப்பையில் இருந்தது. இதை ஆணையம் பதிவில் கொள்ள வேண்டியதில்லை.

தீர்மானம் வரப்போகிறது என்று அறிந்ததும் பங்குத்தந்தை அன்செல்ம் கேனெல், குழிவெட்டும் ஒனெசிம் தாசே, நான் ஆகியோர் கிரேமூர் மன்றத்துக்குச் சென்றோம். நான் எழுந்து பேசத் தொடங்கியதும் மன்றத் தலைவர் திரு வெண்டல் கார்மன் கை உயர்த்தினார். “இங்க இங்கிலீசுல பேசுங்கம்மா. உங்க பேச்ச எழுதிக்க எங்ககிட்ட ஆளில்ல.” நான் அப்படியே மாற்றிக்கொண்டேன். “பேசறேன் ஐயா. அப்புறம் புரியலன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றேன். பேசினேன். தங்களுக்கு இங்கே எழுதிய அனைத்தையும் அங்கே சொன்னேன். கேட்டு முடித்தபின் திரு கார்மன் சொன்னது இது: “அம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா நெலம் எங்களது. கீழ இருக்கிறது சரளை, நடுவுல இருக்கிறது உங்க ஆளுங்க. சரள எங்களுக்கு வேணும். உங்க ஆளுங்கள நீங்க கூட்டிட்டுப் போங்க.”

எங்கே கூட்டிப் போவது என்று ஒனெசிம் கேட்டார். “உங்க பால் பண்ணைக்குப் பின்னால அவ்வளவு எடம் சும்மாதான கெடக்கு” என்றார் உறுப்பினர் ஒருவர். “அது களிமண்ணுங்க. வசந்தத்துல ஒரு முழம் வெட்டுனா தண்ணி வந்துரும். பெட்டி மெதக்கும். எங்க ஊருல செத்தவங்க யாருக்கும் நீச்சல் தெரியாதுங்க” என்றார் ஒனெசிம். மன்றம் நன்றாகச் சிரித்தது. சிரித்து முடித்து வாக்கெடுத்தது. தீர்மானம் நிறைவேறியது.

கிரேமூரின் பொதுக் கல்லறையில் ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கித் தரவும் திரு கார்மன் முன்வந்தார் என்பதை நேர்மை கருதிக் குறிப்பிடுகிறேன். அவருக்கு எங்கள் நன்றி. பிறந்த ஊரில் உழுதோம், மணந்தோம், எம்மொழியில் மக்களுக்குப் பெயரிட்டோம். இறந்தபின் மட்டும் பிறர் வீட்டு மூலையில் விருந்தினராய்க் கிடக்க எங்களுக்கு விருப்பமில்லை. எங்கள் கல்லறைக் கற்களில் உள்ள பெயர்களை அங்கே சரியாக ஒலிக்கவும் ஆளில்லை.

நெடுஞ்சாலைக்கு நாங்கள் பகைவர் அல்லர். எங்கள் பாலும் அதன்வழிதான் சந்தைக்குப் போகும். அதே மணல்மேட்டின் வடமுனை ஓடையைக் கடந்து கிரேமூர் நிலத்துக்குள் நீள்கிறது. அங்கேயும் இதே சரளை உண்டு. கல்லறை ஒன்றும் இல்லை. அங்கே மேய்வன மன்ற உறுப்பினர் ஒருவரின் மாடுகள். அவற்றை இடம் மாற்றுவது எங்கள் இறந்தோரை இடம் மாற்றுவதினும் எளிது என்பது என் பணிவான கருத்து.

சான்று வேண்டுமெனில் உண்டு. மன்றத்திலிருந்து நாங்கள் வெளியே வந்தபோது ஆர்ச்சி டன்பார் தொப்பியைக் கையில் பிடித்தபடி படியருகே காத்திருந்தார். “என்னச் சாட்சிக்குக் கூப்பிடுங்கம்மா, வந்து சொல்றேன். எங்கப்பா ஓட்டுன காலத்துலேருந்து அந்தப் பாலத்துலதான் வண்டியத் திருப்புறோம். ஏம்ப்பான்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். ‘நம்ம ஊரு இங்க முடியுதுடா’ன்னாரு” என்றார். வேலைக்கு இடையூறு வராதா என்று பங்குத்தந்தை கேட்டார். “பனி பெய்யுற வரைக்கும் என்னத் தூக்க மாட்டாங்க சாமி. இந்த ஊருல பனி எப்ப நின்னிருக்கு?” என்றார். அவர் கிரேமூரில் பிறந்தவர், எம்மொழி அறியாதவர், எங்கள் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. அவர் சொல்லைத் தாங்கள் ஏற்கலாம்.

ஊரில் இளைஞர் சிலர், ஆணைக்குக் காத்திராமல் தீமூட்டி மண்ணை இளக்கி இப்போதே புதைத்துவிடலாம் என்றனர். ஞாயிறு வழிபாடு முடிந்து கோயில் படியில் ஊர் கூடியபோது நான் அதை மறுத்துப் பேசினேன். திருடர்போல் ஒளித்துப் புதைத்தால் நிலம் நம்முடையதன்று என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். நாடறியப் புதைப்போம், ஆணையரைக் கேட்டுவிட்டுப் புதைப்போம் என்றேன். “ஆணையர் வேணாம்னு சொன்னா?” என்று ஒருவர் கேட்டார். “சொல்ல மாட்டாரு. சொல்றதுக்கு முன்னால வந்து பாப்பாரு” என்றேன். ஊர் என் சொல்லை ஏற்றது. தங்களை நம்பித் தந்த சொல் அது.

நெடுங்காலப் பயன்பாட்டைக் கொண்டு ஊராட்சி எல்லையை மாற்றி வரையும் அதிகாரம் தங்களுக்கு உண்டு. இரு தரப்பும் ஒரே எல்லையை இத்தனை காலம் ஏற்று நடந்ததற்கு மேல் எந்தப் பயன்பாட்டை இனித் தேடுவது? எல்லைக்கோட்டை மேட்டின் இப்புறத்திலிருந்து ஓடைக்கு நகர்த்துங்கள். எவர் வீடும் இடியாது, எவர் வயலும் குறையாது.

எல்லை மாற்றத்துக்கு விசாரணை, அறிவிக்கை, காலக்கெடு என்று முறைகள் உண்டு என்பதை அறிவேன். அவற்றுக்குக் காத்திருக்க எங்களால் முடியும். காப்பறையிலுள்ள இருவரால் முடியாது. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. கோயில் கூரையில் தொங்கும் பனிக்குச்சிகள் நண்பகலில் சொட்டுகின்றன. காப்பறையின் குளிர் ஏப்ரலைத் தாண்டாது. ஆகவே விசாரணை நடக்கட்டும். அதற்கு முன்னதாக, அடக்கத் தடையையும் சரளைக் குத்தகையையும் நிறுத்தி வைக்கும் ஆணை ஒன்றைத் தாங்கள் உடனே பிறப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு தாளும் தங்கள் கையொப்பமும் போதும்.

மண் இளகும் நாளில் ஒனெசிம் தாசே மேட்டில் இரண்டு குழிகள் வெட்டுவார். நான் உடன் நிற்பேன். ஊர் முழுவதும் நிற்கும். தங்கள் ஆணையைக் கையில் ஏந்தி என் கணவரைப் புதைக்க விரும்புகிறேன். தடையை மீறிப் புதைக்கும் நிலைக்கு எங்களைத் தள்ளாதீர்கள். தள்ளப்பட்டால் தயங்க மாட்டோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

தடையை நீக்குங்கள். இம்முறையீட்டை மடித்து வைப்பதற்கு முன் நீக்குங்கள்.

இடம்: வால்-தெல்ஃபின்
நாள்: 20 மார்ச் 1961

இங்ஙனம்,
(ஒப்பம்) எக்சிலியா திரெபானியே
தனக்காகவும், வால்-தெல்ஃபின் ஊர் மக்களுக்காகவும்